விமானத்தை ஒட்டும் பசை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

எங்கள் ஊர் ஜவளகிரி. ஓசூரிலிருந்து தளி சாலையில் பேருந்தில் வருகிறவர்கள் பேளகொண்டப்பள்ளியைத் தாண்டும்போது, இராகிக் கொல்லைகளுக்கு அப்பால் ஒரு விமான ஓடுபாதை இருப்பதைக் கண்டிருக்கலாம். தனேஜா நிறுவனத்தின் விமானத் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது அந்தப் பக்கம் ஒரு சிறு விமானம் எழும்பினால், பேருந்தின் இந்தப் பக்கத்து ஜன்னலில் இருப்பவர்களும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். விமானம் என்றால் இரும்பும் ஆணியும் திருகும் சேர்ந்தது என்றே அன்று நினைத்திருந்தேன்.

கல்லூரியில் சேர்ந்த பின்புதான் உண்மை தெரிந்தது. பெங்களூரிலுள்ள தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்து 1993-ல் முதன்முதலாகப் பறக்கவிட்ட 'ஹன்சா' என்னும் இரண்டு இருக்கை விமானம் கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த உடலைக் கொண்டது. 2000-ஆம் ஆண்டில் அதன் ஹன்சா-3 வகைக்குச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் சான்று கிடைத்தது. பறக்கும் பயிற்சிக் கழகங்களுக்கான ஹன்சா விமானங்களைச் செய்து கொடுத்த இடம் இதே பேளகொண்டப்பள்ளிதான். இதை என் தந்தையாரிடம் சொன்னேன். அவர் தச்சர். கதவு நிலையை இழைத்துக்கொண்டிருந்தவர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "ஒட்டுன சாமானை நம்பியா ஆகாசத்துல போறாங்க?" என்று கேட்டார். என்னால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அவருடைய கேள்விக்கு நான் தேடிய பதில் எனலாம்.

திருகாணி இருக்கப் பசை எதற்கு? திருகாணிக்குத் துளை வேண்டும். துளையிட்ட இடத்தில் பொருள் குறைகிறது. அத்துடன், பலகை முழுவதும் பரவி ஓட வேண்டிய விசை துளையின் விளிம்பில் வந்து குவிகிறது. நாட்பட்ட விரிசல்கள் பெரும்பாலும் துளைகளின் ஓரத்தில் பிறப்பது இதனாலேயே. பசை அப்படியன்று. ஒட்டிய பரப்பு முழுவதிலும் சுமையைப் பகிர்ந்து கொடுக்கிறது, எடையும் மிகக் குறைவு. மரத்துக்கும் கண்ணாடி இழைக்கும் துளை என்றாலே பகை. ஆகவே அவற்றால் விமானம் கட்டுகிறவன் பசையிடம்தான் போயாக வேண்டும்.

வெளிநாடுகளில் தம் வீட்டுக் கொட்டகையிலேயே சிறு விமானம் கட்டிப் பறப்பவர்கள் பலர் உண்டு. அமெரிக்க வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டான் அவர்களுக்காகவே வரைந்த 'லாங்-ஈசி' என்னும் விமானம் 1979-ல் பறந்தது. அதன் சிறிய கிடைச் சிறகு முன்னால் இருக்கும், பெரிய இறக்கையும் விசிறியும் பின்னால் இருக்கும். பார்ப்பதற்குப் பின்னோக்கிப் பறப்பது போலத் தோன்றும். நம் தேசிய விண்வெளி ஆய்வகம் இந்த லாங்-ஈசியைத் தழுவியே ஓர் ஆய்வு விமானத்தைக் கட்டி 1987-ல் பறக்கவிட்டது. கண்ணாடி இழை விமானக் கலையில் நம்மவர்களின் ஆரம்பப் பாடங்களில் ஒன்று, வீட்டுக் கொட்டகைக்காரர்களுக்கென வரையப்பட்ட படத்திலிருந்து வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

லாங்-ஈசியைக் கட்டும் முறை எளியது. நுரைக் கட்டியைச் சூடேற்றிய கம்பியால் இறக்கை வடிவில் அறுத்து, அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்துப் பிசினில் நனைத்துப் படியவைக்க வேண்டும். அச்சு எதுவும் தேவையில்லை. இங்கேதான் பசையைத் தேர்ந்தெடுக்கும் முதல் பாடம் வருகிறது. இறக்கைக்குப் பயன்படுவது பாலிஸ்டைரீன் நுரை. ஓசூர்ப் பட்டறைகளில் டிரம் டிரம்மாகக் கிடைக்கும் மலிவான பாலியெஸ்டர் பிசினை அதன்மேல் ஊற்றினால், அப்பிசினில் கலந்துள்ள ஸ்டைரீன் திரவம் நுரையைக் கரைத்துத் தின்றுவிடும். காலையில் வந்து பார்த்தால் இறக்கை இருந்த இடத்தில் குழிதான் இருக்கும். எபாக்ஸி பிசின் நுரையைத் தொடாது. விலை பல மடங்கானாலும் அதையே வாங்க வேண்டியிருக்கிறது. ஒட்டப்படும் பொருளைப் பசை என்ன செய்யும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்பது அதற்குப் பிறகுதான்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். முதலாண்டு டிசம்பர் விடுமுறையில் ஓசூரில் ஒரு சிறிய ஃபைபர் பட்டறையில் நாள் கூலிக்கு வேலை பார்த்தேன். அங்கே எல்லாம் பாலியெஸ்டர் வேலைதான். நூறு பங்கு பிசினுக்கு ஒன்றிரண்டு பங்கு வினையூக்கி ஊற்றிக் கலக்குவோம். குளிர்நாளாக இருந்தால் மேஸ்திரி, "கொஞ்சம் கூட ஊத்துடா தம்பி, சீக்கிரம் புடிக்கும்" என்பார். பிடிக்கவும் செய்யும். ஒருநாள் மாலை ஒரு பெரிய ஃபைபர் மூடியில் இரும்புக் கைப்பிடிகளை எபாக்ஸி பசையால் ஒட்டும் வேலை எனக்கு வந்தது. ஓசூரின் டிசம்பர் மாலையைப் பற்றி இங்கே படிக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பசை இறுகவில்லை, பேருந்துக்கோ நேரமாகிவிட்டது. நான் பழகிய கையோடு கடினப்படுத்தியைத் தாராளமாகச் சேர்த்துக் கலக்கி ஒட்டிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் தொட்டுப் பார்த்தபோது கெட்டியாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் என்னுடன் வேலை செய்த அண்ணன் ஒருவர் அந்தக் கைப்பிடியைப் பிடித்து மூடியைத் தூக்கினார். கைப்பிடி கையோடு வந்தது, மூடி அவர் காலில் விழுந்தது. பெருவிரல் நகம் பிளந்து இரண்டு வாரம் அவரால் வேலைக்கு வர முடியவில்லை. அவரும் நாள் கூலிக்காரர்தான். "பசை டூப்ளிகேட்டு" என்று மேஸ்திரி கடைக்காரனைத் திட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாம் ஆண்டில் கரிம வேதியியல் வகுப்பில் எபாக்ஸைடு வளையத்தைக் கரும்பலகையில் போட்டபோதுதான் நான் செய்தது என்ன என்று விளங்கிற்று. இரண்டு கார்பனும் ஓர் ஆக்ஸிஜனும் சேர்ந்து நெருக்கிப் பிடித்த முக்கோணம் அது. கடினப்படுத்தியில் இருப்பது அமீன். அமீனில் நைட்ரஜனோடு சேர்ந்துள்ள ஒவ்வொரு ஹைட்ரஜனும் ஒரு வளையத்தைத் திறந்து அதனோடு பிணைகிறது. இப்படிப் பிணைந்து பிணைந்து, திரவமாக இருந்த சிறு மூலக்கூறுகள் ஒரே பெரிய வலையாகின்றன. இங்கே கடினப்படுத்தி, பாலியெஸ்டருக்கு ஊற்றுவது போல வினையைத் தொடங்கிவைத்துவிட்டு ஒதுங்கி நிற்பதில்லை. அதுவே வலையின் ஒரு பகுதி ஆகிறது. எத்தனை வளையமோ அத்தனை ஹைட்ரஜன் வேண்டும். மிகுதியாக ஊற்றினால் கைகோக்க ஆளில்லாத அமீன் மூலக்கூறுகள் வலைக்குள் தங்கிவிடும். வலை தளர்ந்துபோகும், ஈரத்தை உறிஞ்சும். மேலே தொட்டால் கெட்டி, உள்ளே ரப்பர். குளிரில் இறுகாத எபாக்ஸிக்கு மருந்து வெப்பமே, கடினப்படுத்தி அன்று. ஒரு பல்பை எரியவிட்டு அதன் கீழே வைத்திருந்தால் போதுமாயிருந்தது.

கலவை விகிதத்தில் இன்னொரு பொறியும் உண்டு. அரால்டைட் 2011 என்னும் பசையைக் கன அளவில் கலந்தால் சரிக்குச் சரி. எடையில் கலந்தால் நூறு பங்கு பிசினுக்கு எண்பது பங்கு கடினப்படுத்தி. இரண்டும் ஒன்றே என்று எண்ணித் தராசில் சரிக்குச் சரி நிறுத்தால் பிழை. விமானம் கட்டுகிறவர்கள் தராசை விட்டுக் கண்ணளவில் இறங்குவதில்லை. ஒரே கோப்பையில் நிறையக் கலப்பதும் இல்லை. வினையில் பிறக்கும் வெப்பம் வெளியேற வழியின்றிக் கோப்பையே புகைய ஆரம்பித்துவிடும்.

பசையைப் பழிப்பதா, கையைப் பழிப்பதா என்ற வழக்கு என் பட்டறையோடு முடிந்ததன்று. இரண்டாம் உலகப் போரில் இதே வழக்கு நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. டி ஹாவிலாண்ட் நிறுவனத்தின் 'மாஸ்கிட்டோ' மரத்தால் ஆன போர் விமானம். பர்ச் ஒட்டுப்பலகைகள் இரண்டுக்கு நடுவே மிக இலேசான பால்சா மரத்தை வைத்து ஒட்டிய உடல் அதற்கு. தொடக்கத்தில் அதை ஒட்டப் பயன்பட்டது கேசின் பசை, அதாவது பாலிலுள்ள புரதத்திலிருந்து செய்த பசை. ஐரோப்பாவில் புகழோடு பறந்த அந்த விமானம் இந்தியாவுக்கும் பர்மா போர்முனைக்கும் வந்தது. 1944-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் அடுத்தடுத்துப் பல விமானங்கள் விழுந்தன. இறக்கையின் மேல்தோல் உள்ளே இருக்கும் முதுகுத் தண்டான நெடுஞ்சட்டத்தைவிட்டுப் பிரிந்திருந்தது. வெயிலும் மழைக்கால ஈரமும் கேசினைக் கெடுத்துவிட்டன என்று முதலில் பேசிக்கொண்டார்கள். நிறுவனத்தின் சார்பில் மேஜர் ஹியர்வார்டு டி ஹாவிலாண்ட் தலைமையில் ஒரு குழு இந்தியா வந்து ஆராய்ந்து, பசை கெடவில்லை, ஈரத்தால் மரம் நெளிந்து சுருங்கியதே காரணம் என்று டிசம்பரில் அறிக்கை தந்தது. பிறகு நடந்த விசாரணைகள் இரண்டையும் ஏற்கவில்லை. தொழிற்சாலையில் செய்த வேலையே பழுது என்றன. பொருந்த வேண்டிய மரங்கள் பொருந்தாமல் இடையில் இடைவெளி இருந்ததைக் கண்டார்கள்.  பின்னர் இறக்கையின் மேற்புற இணைப்பின்மீது நீளவாக்கில் ஒட்டுப்பலகைப் பட்டை ஒன்றைப் பதித்து ஈரம் புகாதபடி மூடினார்கள்.

கேசினுக்கும் நல்ல பெயர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். புரதம் ஆனபடியால் ஈரமான இடத்தில் அதில் பூஞ்சணம் பிடிக்கும். மாஸ்கிட்டோவிலேயே பின்னாளில் யூரியா-ஃபார்மால்டிஹைடு என்னும் செயற்கைப் பிசினுக்கு மாறினார்கள். 'ஏரோலைட்' என்ற பெயரில் அவ்வகைப் பசையை இங்கிலாந்தில் உருவாக்கியவர் நார்மன் டி புரூய்ன். அதுவும் வெப்பமும் ஈரமும் நீண்ட காலம் சேர்ந்து தாக்கினால் மெல்ல மெல்லச் சிதையக்கூடியது. நம் நாட்டுப் பருவத்துக்கு அது உகந்ததன்று என்பது என் கருத்து. ரெசார்சினால் பசை இவை எல்லாவற்றுக்கும் மூத்த பயில்வான். தண்ணீரில் கொதிக்க வைத்தாலும் விடாது. ஆனால் மிகவும் கண்டிப்பானது. மரங்கள் இரண்டும் மயிரிழை இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 8, 9 கிலோ அழுத்தத்தில் கிளாம்பு போட்டு இறுக்க வேண்டும். வெப்பநிலை 21 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையக் கூடாது. எபாக்ஸியோ சிறு இடைவெளிகளை மன்னித்து நிரப்பும். இலேசான அழுத்தம் போதும், சொல்லப்போனால் அதிகம் இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியே வந்து மூட்டு வறண்டுவிடும். ரெசார்சினாலுக்குப் பழகிய கை எபாக்ஸியைக் கெடுக்கும். எபாக்ஸிக்குப் பழகிய கை ரெசார்சினாலைக் கெடுக்கும்.

என் பாட்டனார் காலத்தில் மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சிச் செய்த வச்சிரத்தைச் சட்டியில் உருக்கித்தான் மரம் ஒட்டுவார்களாம். இப்போது தந்தையார் வெள்ளைப் பசை வாங்குகிறார். அலமாரிக்கும் கட்டிலுக்கும் அது அருமையான பசை. விமானத்துக்கு ஏன் ஆகாது? அது பாலிவினைல் அசிடேட். வலையாகப் பின்னாத நீண்ட சங்கிலிகள் அவை. விடாமல் சுமை ஏற்றிவைத்தால் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று மெல்ல வழுக்கி நகரும். வெயிலில் இன்னும் வேகமாக நகரும். தண்ணீர் பட்டால் இளகும். உடைத்துப் பார்த்தால் முதல் நாள் மரத்தைவிட வலுவாகத் தெரியும் பசை, ஆண்டுக்கணக்கில் தாங்குமா என்பது வேறு கேள்வி.

எபாக்ஸிக்கும் வெயில் ஒரு பலவீனம். அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸிகள் பல 50 முதல் 70 டிகிரிக்குள் கண்ணாடித் தன்மையை இழந்து தோல்போல் இளகத் தொடங்குகின்றன. கறுப்பு வண்ணம் பூசிய பரப்பு நண்பகல் வெயிலில் இந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும். வெயிலில் நின்ற மோட்டார் சைக்கிளின் கறுப்பு இருக்கையில் உட்கார்ந்தவர்களுக்குச் சாட்சி வேண்டியதில்லை. லாங்-ஈசி போன்ற விமானங்களை வெள்ளை நிறத்தில் மட்டுமே பூச வேண்டும் என்பது அழகுக்காகச் சொன்னதன்று.

உலோகத்தை ஒட்டுவதோ தனிக் கலை. அலுமினியத்தின்மேல் காற்றுப் பட்ட மறுகணமே ஓர் ஆக்ஸைடு ஏடு படர்கிறது. பசை ஒட்டுவது உலோகத்தில் அன்று, இந்த ஏட்டில். ஏடு நல்லதானால் பிடிப்பும் நல்லது. ஆகவே அமிலத்தில் அரித்து, மின்பகுப்பால் உறுதியான புது ஆக்ஸைடை வளர்த்து, அதன்மேல் முதற்பூச்சு பூசிய பிறகே ஒட்டுகிறார்கள். சரியாகத் தயாரித்த அலுமினியப் பட்டைகள் இரண்டை, 25 மில்லிமீட்டர் அகலத்தில் வெறும் 12.5 மில்லிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு நல்ல எபாக்ஸியால் ஒட்டினால், பிரிக்க ஏறக்குறைய 600 கிலோ விசை வேண்டும். ஒரு தபால்தலை அளவு பரப்பு அது! தயாரிப்பில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1988 ஏப்ரல் 28 சாட்சி. ஹவாய்த் தீவுகளில் அலோகா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் 24,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது, முன்பகுதிக் கூரை ஐந்தரை மீட்டர் நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போயிற்று. அந்த விமானத்தின் தகட்டு இணைப்புகளில் ஆணியோடு பசையும் இருந்தது. பசையின் பிடி விட்டு, உள்ளே ஈரம் புகுந்து அரிப்பு ஏற்பட்டது. பசை சுமக்க வேண்டிய சுமையை ஆணிகள் சுமந்தன. ஆணித் துளைகளின் விளிம்பில் விரிசல்கள் பிறந்து ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. விமானப் பணிப்பெண் ஒருவர் காற்றில் இழுத்தெறியப்பட்டு உயிரிழந்தார். திறந்த கூரையோடு விமானத்தை இறக்கி மற்றவர்களைக் காப்பாற்றிய விமானிகளை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

பசை எந்தத் திசை விசையைத் தாங்கும் என்பதையும் வடிவமைப்பவர் நினைவில் வைக்க வேண்டும். பேருந்து நிலையச் சுவரில் மைதாப் பசை தடவி ஒட்டிய சுவரொட்டியை உள்ளங்கையால் அழுத்திப் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள், அசையாது. மூலையில் நகத்தை நுழைத்து உரித்தால் சரசரவென்று வந்துவிடும். முதலாவதில் பரப்பு முழுவதும் சேர்ந்து எதிர்க்கிறது. இரண்டாவதில் ஒரு கோட்டளவு பசை மட்டும் தனியே நின்று போராடித் தோற்கிறது. அடுத்த கோடு, அடுத்த கோடு என்று வரிசையாகத் தோற்கிறது. விமான மூட்டுகளை இதனாலேயே சறுக்கு விசை வரும்படி அமைத்து, உரியக்கூடிய விளிம்புகளில் இழைத் துணியைச் சுற்றிக் கட்டுகிறார்கள். மரத்தில் அதற்கும் ஒரு மரபு வழி உண்டு. இரண்டு சட்டங்களை முனைக்கு முனை ஒட்டாமல், நீளமாகச் சாய்த்துச் சீவி ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து ஒட்டுவது. தந்தையார் இதைக் கேட்டுச் சிரித்தார். அவர் உத்தரத்துக்குச் செய்வதும் அதுதான்.

ஒட்டிய மூட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து கண்ணால் காண முடியாது. திருகாணி தளர்ந்தால் சாவி போட்டுப் பார்க்கலாம்; பசைக்குச் சாவி இல்லை. எனவே கட்டுகிறவர்கள் ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் அதே கலவையில், அதே மரத்தில் ஒரு சிறு மாதிரித் துண்டையும் ஒட்டிவைக்கிறார்கள். இறுகியதும் அதை உடைப்பார்கள். மரம் பிளந்து நார் நாராக இரு பக்கமும் ஒட்டியிருந்தால் பசை வென்றது. பசை பளபளவென்று உரிந்து வந்தால், அன்று ஒட்டிய பகுதி எவ்வளவு பெரியதாயினும் கழற்றி எறிய வேண்டியதே. விமானத்துக்கு உகந்த ஸ்புரூஸ் மரம் நார்வாக்கில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 80 கிலோ சறுக்கு விசையில் பிளந்துவிடும். நல்ல எபாக்ஸி அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். ஆகவே மரம்தான் முதலில் உடைய வேண்டும். உடையாவிட்டால் தவறு பசையில் இல்லை, பெரும்பாலும் தடவியவனிடம் இருக்கிறது.

சென்ற பொங்கலுக்கு அந்த அண்ணனைச் சந்தித்தேன். கடினப்படுத்தியை அதிகமாக ஊற்றியது நான்தான் என்று சொன்னேன். காலைத் தூக்கிக் காட்டி, "நகம் முளைச்சு எத்தினி நாளாச்சு, இப்ப வந்து சொல்றியே தம்பி" என்றார். பிறகு, "எத்தினிக்கு எத்தினி ஊத்தணும்? அதைச் சொல்லு" என்று கேட்டு, கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.

தந்தையாரின் கேள்விக்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை என்று கண்டு, அவர் பட்டறையிலேயே தேக்குக் கழிவில் இருபத்து நான்கு துண்டுகளை ஜோடி ஜோடியாக ஒட்டினேன். ஒரு பகுதி வெள்ளைப் பசை, ஒரு பகுதி சரியாக நிறுத்துக் கலந்த எபாக்ஸி, இன்னொரு பகுதி அன்று நான் ஊற்றியது போலவே கடினப்படுத்தி மிகுந்த எபாக்ஸி. தேக்கின் எண்ணெய்ப்பசை போக முதலில் ஒட்டும் முகத்தைப் புதிதாக இழைத்தோம். அது அவர் சொல்லிக்கொடுத்தது. மூன்று நாள் தண்ணீர்த் தொட்டியில், மூன்று நாள் ஓட்டுக் கூரையின்மேல் வெயிலில் என்று மாற்றி மாற்றி வைத்துவிட்டு, பாதியை அவரே சுத்தியால் தட்டி உடைத்தார். வெள்ளைப் பசை ஈரத்திலேயே வெளுத்து விட்டுவிட்டது. தாராளமாக ஊற்றியது மூன்றாவது தட்டில் வழுவழுப்பாகப் பிரிந்தது. நிறுத்துக் கலந்ததில் தேக்கு பிளந்தது, மூட்டு நின்றது. பிளந்த துண்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மீதியை உடைக்காதே. ஒரு மழைக்காலம் போகட்டும்" என்றார். இராகிக் கொல்லையில் யானைக் காவலுக்குப் போட்ட பரணின் கூரை விளிம்பில், மீதிப் பன்னிரண்டு துண்டுகளையும் கம்பியில் கோத்துக் கட்டிவைத்திருக்கிறோம்.